அஞ்சு டீ குடிச்சும் கண்ணு சொக்குது, வீட்டுக்கு வந்தா தூக்கம் வரல. அடினோசின்னா என்னப்பா?

மணலி_நைட்ஷிஃப்ட் | செவ்வாய், பகல் 11.40

தூங்க வேண்டிய நேரத்துல உக்காந்து இத டைப் பண்ணிட்டு இருக்கேன். நிலைமை புரிஞ்சிருக்கும்.

மணலில ஒரு கம்பெனில கன்ட்ரோல் ரூம் வேலை. ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும். ஒரு நைட்டுக்கு அஞ்சு டீ: 11, 1, 3, நாலரை, கடைசியா அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு. அந்தக் கடைசி டீ வண்டி ஓட்டிட்டு டோல்கேட் வந்து சேர்றதுக்கு. இவ்ளோ குடிச்சும் நாலு மணிக்கு பேனல் முன்னாடி உக்காந்தா ரீடிங் ரெண்டு ரெண்டா தெரியுது. வீட்டுக்கு வந்து குளிச்சு, நாலு இட்லி சாப்ட்டு 8 மணிக்குப் படுத்தா 11 வரைக்கும் ஃபேனைப் பாத்துட்டு கெடக்கேன். பக்கத்து சந்துல தண்ணி லாரி வந்தா அதுவும் போச்சு.

போன வாரம் ஹெல்த் செக்கப்புக்கு வந்த டாக்டர் கிட்ட சொன்னேன். "மூளைல அடினோசின் சேந்துகிட்டே போகுது, டீ அத மறைக்குது, அவ்ளோதான்"னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்ட்டுட்டார். எனக்கு ஒண்ணும் புரியல. யாராவது தமிழ்ல சொல்லுங்க.

டோல்கேட்_டீமாஸ்டர் | பகல் 11.52

டாக்டருங்க எல்லாத்துக்கும் டீயதான் சொல்வாங்க. தம்பி, நீ குடிக்கறது ரெண்டாந்தடவ கொதிக்க வெச்ச தூளா இருக்கும். நம்ம கடைக்கு வா.

ட்ரெய்லர்_தம்பி | பகல் 12.05

ஃபாலோ பண்றேன். ஹார்பர் கேட்ல வண்டி க்யூல நின்னா எனக்கும் இதே கததான். ராவெல்லாம் முழிச்சிக்கினு இருப்பேன், லோடு எறக்கிட்டு படுத்தா தூக்கம் வராது.

வியாசை_மூளை | பகல் 1.10

நான் நரம்பியல்ல ஆராய்ச்சி மாணவி, டாக்டர் இல்ல. அந்த டாக்டர் சொன்னது சரி. ஆனா ஒரு வரில முடிக்கிற விஷயமில்ல.

நம்ம செல்லுக்கெல்லாம் சக்திக்கான சில்லறைக் காசு ஏடிபிங்கிற மூலக்கூறு. மூளை அத கணக்கில்லாம செலவு பண்ணும். அடினோசின்னு ஒரு சின்ன மூலக்கூறுல மூணு பாஸ்பேட்டைக் கோத்தா அது ஏடிபி. ஒவ்வொண்ணா கழண்டு, மூணும் போயிட்டா மிச்சம் நிக்கிறது வெறும் அடினோசின். அதாவது செலவான காசோட ரசீது.

இதுல எனக்குப் பிடிச்ச கணக்கு ஒண்ணு. செல்லுக்குள்ள ஏடிபியோட செறிவு மில்லிமோலார் அளவுல இருக்கும். அடினோசின் அதைவிட ரொம்பச் சின்ன நானோமோலார் அளவுல. பல ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதனால ஏடிபி லேசா கொறஞ்சாலே அடினோசின் பல மடங்கு எகிறிடும். மூளைக்கு ரத்தம் கொறஞ்சாலும், வலிப்பு வந்தாலும், ரொம்ப நேரம் முழிச்சிருந்தாலும் முதல்ல தெரியறது இதுலதான்.

அடினோசின் வர்றதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, செல்லுக்குள்ளயே உருவாகி சவ்வுல இருக்கிற ஈஎன்டி1, ஈஎன்டி2ங்கிற கடத்திகள் வழியா வெளிய வர்றது. இன்னொண்ணு, நரம்பு முனையும் அஸ்ட்ரோசைட்டும் ஏடிபியையே வெளிய விட, அங்க சிடி39, சிடி73னு ரெண்டு என்சைம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா பாஸ்பேட்டை நறுக்கி அடினோசின் ஆக்கறது. அஸ்ட்ரோசைட்னா நரம்பு செல்லைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி கை விரிச்சு நிக்கிற துணை செல்.

வந்த அடினோசின், செல் மேல இருக்கிற ஏற்பிங்கிற சீட்ல போய் உக்காரும். நாலு வகை இருக்கு. நமக்கு முக்கியம் ஏ1, ஏ2ஏ. ஏ1 நரம்பு முனைக்குள்ள கால்சியம் வர்ற வழிய அடைக்கும், அதனால அடுத்த செல்லைத் தூண்டிவிடற குளுட்டமேட் கம்மியா வெளிய வரும். எதிர்ப் பக்கத்து செல்லுல பொட்டாசியம் கதவைத் தெறந்து அதையும் அடக்கி வைக்கும். மொத்தத்துல 'சத்தத்தைக் கொற'ங்கிற உத்தரவு. ஏ2ஏ வேற ரகம், அது மூளையோட அடிப்பக்கம் ஸ்ட்ரையேட்டம்ங்கிற இடத்துல மண்டிக் கெடக்கு.

டீல இருக்கிற கேஃபின் என்ன பண்ணுதுன்னா, 64சி பஸ்ல ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கிற வேலை. சீட்ல கர்ச்சீப் இருக்கு, ஆனா ஆள் இல்ல. அடினோசின் ஃபுட்போர்டுல தொங்கிட்டு வருது. கூட்டம் கொறயல, உக்கார முடியல, அவ்ளோதான். அப்புறம் கர்ச்சீப் ஒவ்வொண்ணா எடுபட எடுபட, தொங்கிட்டு வந்த கூட்டம் உக்காரும்.

கொருக்குப்பேட்டை_கேட் | பகல் 1.34

ஈஎன்டின்னா காது மூக்கு தொண்டைதானே சிஸ்டர் 😀

பெரம்பூர்_பெருசு | பகல் 2.15

அம்மா, நன்றாகச் சொன்னீர்கள். ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் ஷிஃப்ட் பார்த்தவன் என்ற முறையில் ஒரு சந்தேகம். வந்துகொண்டே இருக்கும் என்கிறீர்கள். அப்படியானால் போவது எப்படி? தூங்கினால்தான் போகுமா? நாங்கள் தொடர்ந்து மூன்று ராத்திரி விழித்த காலமெல்லாம் உண்டு. தலை வெடித்துவிடவில்லையே.

வியாசை_மூளை | பகல் 3.02

ஐயா, அதுதான் முக்கியமான கேள்வி. நான் எழுதாம விட்ட பாதி.

புளியந்தோப்புல மழை நின்ன அப்புறம் முட்டி அளவு தண்ணி நிக்குமே, அது எவ்ளோ மழை பெஞ்சதுங்கிறத மட்டும் பொறுத்ததில்ல. வடிகால் எப்படிங்கிறதையும் பொறுத்தது. மூளையிலயும் அடினோசின் அளவ பெரும்பாலும் தீர்மானிக்கிறது வடிகால்தான். அது அடினோசின் கைனேஸ்ங்கிற என்சைம். வளந்த மூளைல இது பெரும்பாலும் அஸ்ட்ரோசைட்டுக்குள்ள இருக்கு. வெளிய இருக்கிற அடினோசின் அதே ஈஎன்டி வழியா உள்ள போகும், உள்ள போனதும் கைனேஸ் ஒரு பாஸ்பேட்டை மாட்டி திரும்ப ஏஎம்பி, அதாவது ஒரே பாஸ்பேட் உள்ள வடிவம் ஆக்கிடும். உள்ள காலியாகிட்டே இருக்கறதால வெளிய இருக்கறது இழுபட்டுப் போகும். பம்ப் கெடையாது, மேட்டுல இருந்து பள்ளத்துக்கு ஓடற மாதிரிதான்.

இது தவிர டீஅமினேஸ்னு இன்னொரு என்சைம் இருக்கு. அடினோசினை இனோசின்ங்கிற வேற பொருளா ஆக்கும். வெள்ளம் ஜாஸ்தியாகி கைனேஸால சமாளிக்க முடியாதப்பதான் இதுக்கு வேலை அதிகம். இந்த டீஅமினேஸ் மரபணுல ஒரு எழுத்து மாறினவங்க ஆழ்ந்த தூக்கம் அதிகமா தூங்கறாங்கன்னு 2005ல கண்டுபிடிச்சாங்க. "அவன் படுத்தா கட்டை மாதிரி"ன்னு நம்ம சொல்றவங்கள்ல சிலருக்குக் காரணம் இதுவா இருக்கலாம்.

தூங்கினாத்தான் போகுமான்னா, போக்கு எப்பவும் இருக்கு. முழிச்சிருக்கும்போது வரத்து ஜாஸ்தி, தூங்கும்போது கம்மி. 1997ல பூனைங்கள ஆறு மணி நேரம் விளையாட்டு காட்டி முழிக்க வெச்சு, முன்மூளையோட அடிப்பகுதில ஊசி மாதிரி சன்னக் குழாய் விட்டு அளந்து பாத்தாங்க. நேரம் ஆக ஆக அடினோசின் ஏறிச்சு, தூங்க விட்டதும் மெதுவா எறங்கிச்சு. உடனே எறங்கல, அதை கவனிக்கணும்.

கொருக்குப்பேட்டை_கேட் | மாலை 4.20

சிஸ்டர், ஒரு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். எல்லாத்தையும் அடினோசின் தலைல கட்டறீங்க. அப்படின்னா காலைல 8 மணிக்கு நம்ம மணலி அண்ணனுக்கு அடினோசின் உச்சத்துல இருக்கணுமே? படுத்ததும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கணுமே? ஏன் ஃபேனைப் பாக்கறாரு? டீ மட்டும் காரணமில்ல. உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு, வெயில் வந்தா அது எழுப்பி விட்டுடும். நான் நைட் ஷிஃப்ட்ல டீயே குடிக்காம இருந்த காலத்துலயும் பகல்ல நாலு மணி நேரத்துக்கு மேல தூங்கினதில்ல.

வியாசை_மூளை | மாலை 5.05

ஒத்துக்கறேன், கோட்டை விட்டது நான்தான். 1982ல போர்பெலிங்கிற விஞ்ஞானி சொன்ன மாதிரி ரெண்டு கணக்கு ஓடுது. ஒண்ணு முழிச்சிருந்த நேரத்தைப் பொறுத்து ஏறுற தூக்க பாரம், அடினோசின் இதுல ஒரு பெரிய பங்கு. இன்னொண்ணு கண்ணு நரம்புக்கு மேல இருக்கிற கடிகாரம், அது முழிச்சிருந்த நேரத்தைக் கண்டுக்காது, பகலா ராத்திரியான்னு மட்டும்தான் பாக்கும். காலைல 8 மணிக்கு முதல் கணக்கு 'படு'ங்குது, ரெண்டாவது 'எழுந்திரு'ங்குது. இழுபறில டீ எந்தப் பக்கம் கை கொடுக்குதுங்கிறதுதான் விஷயம்.

அதுக்கு மணலி அண்ணன் சொன்ன நேரத்தையே வெச்சு கணக்கு போட்டேன். டீக்கு சராசரி 40 மில்லிகிராம் கேஃபின்னு வெச்சுக்கிறேன், தூளையும் கொதிய விட்ட நேரத்தையும் பொறுத்து மாறும். கேஃபின் உடம்புல பாதியாகறதுக்கு சுமார் அஞ்சு மணி நேரம். காலைல 8 மணிக்கு:

11 மணி டீல மிச்சம் 11. 1 மணி டீல 15. 3 மணி டீல 20. நாலரை டீல 25. அஞ்சே முக்கால் டீல 29.

கூட்டினா 100. குடிச்சது 200, படுக்கும்போது பாதி உள்ள இருக்கு. அதாவது தலையணைல தலை வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடிச்ச மாதிரி. கடிகாரமும் எழுப்புது, அடினோசினையும் உக்கார விடல. யாரால தூங்க முடியும்?

மணலி_நைட்ஷிஃப்ட் | மாலை 5.40

அடப்பாவி. இப்பிடி யாரும் கணக்கு போட்டுக் காட்டினதில்ல.

பழைய_வண்ணை | இரவு 9.30

கடையைச் சாத்திவிட்டு வந்தேன். மருந்துக் கடை வைத்திருக்கிறேன், மாத்திரை பக்கத்திலிருந்து நாலு வார்த்தை.

அண்ணன் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவரா? புகை, கல்லீரலில் கேஃபினை உடைக்கும் என்சைமைத் தூண்டிவிடும், அதனால் புகைப்பவர்களுக்குக் கேஃபின் சீக்கிரம் கழியும். சிகரெட்டை நிறுத்தியவர்கள் அதே அளவு காபி குடித்துவிட்டு "ஏன் படபடக்கிறது" என்று வந்து கேட்பார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் நேர்மாறு, மெதுவாகத்தான் போகும். ஆகவே அந்த ஐந்து மணி நேரம் எல்லோருக்கும் பொருந்தாது.

இன்னொன்று. அடினோசின் ஊசியாகவே இருக்கிறது, தெரியுமா? இதயம் திடீரென்று தறிகெட்டு 180, 200 என்று ஓடும் ஒரு வகைக்கு அவசரப் பிரிவில் போடுவார்கள். முதலில் 6 மில்லிகிராம், அடங்காவிட்டால் 12. ஊசி போட்டதும் பின்னாலேயே சலைனைத் தள்ள வேண்டும், ஏனென்றால் ரத்தத்தில் அதன் பாதி ஆயுள் பத்து விநாடிக்கும் குறைவு. இல்லாவிட்டால் கையிலிருந்து நெஞ்சுக்குப் போவதற்குள் பெரும்பகுதியைச் சிவப்பணுக்கள் விழுங்கிவிடும். சில விநாடிகளுக்கு உயிர் போவது போல் இருக்கும் என்று போட்டுக்கொண்டவர்கள் சொல்வார்கள்.

பெரம்பூர்_பெருசு | இரவு 9.48

எனக்குப் போட்டிருக்கிறார்கள்! நெஞ்சில் யாரோ உட்கார்ந்து எழுந்தது போல் இருந்தது. ஆனால் தூக்கமே வரவில்லையே, ஏன்? இது தூக்கப் பொருள் என்கிறீர்கள்.

பழைய_வண்ணை | இரவு 10.05

மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பை அது எளிதில் தாண்டாது, தாண்டுவதற்குள் காலியும் ஆகிவிடும். மூளை தன் அடினோசினைத் தானேதான் தயாரித்துக்கொள்கிறது. இதனால்தான் தூக்க மாத்திரையாக அது வரவில்லை. நேராக ரத்தத்தில் ஏற்றினால் தூக்கத்துக்கு முன் இதயம் மந்தமாகி அழுத்தம் இறங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் இறுகும்.

எண்ணூர்_அம்மா | இரவு 10.40

எல்லாத்தையும் படிச்சிட்டு இருந்தேன். என் பையன் ஏழாவது மாசத்துலயே பொறந்தவன். பெட்டிக்குள்ள வெச்சிருந்தப்ப மூச்சு விடறதை மறந்துடுவான், மானிட்டர் கத்தும், நர்ஸ் உள்ளங்கால்ல சுண்டி விடுவாங்க. அப்ப கேஃபின் மருந்து குடுக்கறோம்னாங்க. கொழந்தைக்குக் காபி மருந்தான்னு அழுதேன். யாரும் விளக்கிச் சொல்லல. இப்ப பத்து வயசு, தெருவுல ஃபுட்பால் ஆடறான். அது ஏன் குடுத்தாங்கன்னு இன்னிக்குத்தான் கேக்கணும்னு தோணுது.

வியாசை_மூளை | இரவு 11.15

அக்கா, நாள் முழுக்கப் பேசினதுக்கு இதான் நேரடி சாட்சி. கொறமாசக் கொழந்தைக்கு மூச்சைக் கவனிக்கிற மையம் முழுசா வளந்திருக்காது. அங்க அடினோசின் 'சத்தத்தைக் கொற'ன்னு சொன்னா மூச்சு நின்னுடும். கேஃபின் அந்த சீட்ல கர்ச்சீப் போடுது, மூச்சு தொடருது. 2006லயும் 2007லயும் வந்த பெரிய ஆய்வுல, ஒண்ணே கால் கிலோ எடைக்குள்ள பொறந்த குழந்தைங்களுக்கு கேஃபின் குடுத்தப்ப நுரையீரல் பாதிப்பு கொறஞ்சுது, 18 மாசத்துல பாத்தப்ப பெரிய ஊனமில்லாம பிழைச்சவங்களும் அதிகமா இருந்தாங்க.

ஒரு வித்தியாசம். பச்சக் கொழந்தை கல்லீரலுக்கு அத உடைக்கத் தெரியாது. நமக்கு அஞ்சு மணி நேரம்னா அதுங்களுக்கு மூணு நாலு நாள். அதனால ஒரு நாளைக்கு ஒரு வேளை குடுத்தாலே போதும்.

எண்ணூர்_அம்மா | இரவு 11.22

🙏 நல்லா இரும்மா.

காசிமேடு_வலை | புதன், காலை 10.10

ஏலம் முடிச்சிட்டு இப்பதான் வந்தேன். நம்மாளுங்க போட்ல போனா டீயோட நிக்காது, கரைக்கு வந்தா ஒரு குவார்ட்டரும் போடுவானுங்க, அப்பதான் தூக்கம் வருதுன்றானுங்க. வருது, ஆனா ரெண்டு மணிக்கே முழிச்சிக்கறானுங்க. அதுவும் இந்த அடினோசின்தானா?

வியாசை_மூளை | காலை 11.00

ஒரு பங்கு அதுதான். ஆல்கஹால் அந்த ஈஎன்டி1 வழிய அடைக்குது. அடினோசின் உள்ள போக வழியில்லாம வெளியவே தேங்கும், தூக்கம் சொக்கும், காலும் தடுமாறும். சரக்கு கல்லீரல்ல கழிஞ்சதும் வழி தெறந்துக்கும், முழிப்பு தட்டிடும். குடிச்ச தூக்கம் பாதி ராத்திரியோட முடியறதுக்கு இது ஒரு காரணம்.

புளியந்தோப்பு_கேரம் | காலை 11.45

எங்கண்ணனுக்கு சின்ன வயசுல இருந்து ஃபிட்ஸ். ஃபிட்ஸ் நின்னதும் ஒரு மணி நேரம் அசந்து தூங்குவான். ஏற்கனவே வலிப்புன்னு எழுதினீங்களே, அதுக்காகக் கேக்கறேன்.

வியாசை_மூளை | பகல் 12.50

வலிப்பு நேரத்துல செல்லெல்லாம் மொத்தமா ஏடிபிய எரிக்குது, அடினோசின் குபீர்னு ஏறுது. 1992ல வலிப்பு நோயாளிங்களோட ஹிப்போகேம்பஸ்ங்கிற மூளைப் பகுதியிலயே அளந்திருக்காங்க: வலிப்பின்போது ஏறி, நின்ன அப்புறமும் கொஞ்ச நேரம் மேலயே இருந்துச்சு. மூளை தனக்குத்தானே போட்டுக்கற பிரேக் அது. அசதிக்கும் அது ஒரு காரணமா இருக்கணும்.

வடிகால் சொன்னேனே, இங்க அது தலைகீழா வரும். திரும்பத் திரும்ப வலிப்பு வந்த இடத்துல அஸ்ட்ரோசைட் தழும்பு மாதிரி பெருத்துப் போய், கைனேஸும் கூடிடுது. வடிகால் அளவுக்கு மீறி அகலமானா நிக்க வேண்டிய தண்ணியும் நிக்காது, பிரேக் பலமிழக்கும். கைனேஸைக் கட்டுப்படுத்தி வலிப்பைக் கொறைக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. எங்க லேப்ல இதப் பத்திதான் தெனம் சண்டை.

பழைய_வண்ணை | பகல் 1.20

இதில் ஒரு எச்சரிக்கை. ஆஸ்துமா இழுப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலின் மருந்தும் கேஃபினின் பங்காளிதான், அதுவும் அடினோசினின் இடத்தை அடைக்கும். அளவு கூடினால் வலிப்பையே வரவழைக்கும். அண்ணனுக்கு இழுப்பும் இருந்தால் வலிப்பு இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

பெரம்பூர்_பெருசு | பகல் 3.00

என் தம்பிக்குப் பார்க்கின்சன். காபி குடித்தால் நல்லது என்று வாட்ஸப்பில் வருகிறதே, உண்மையா?

வியாசை_மூளை | மாலை 4.30

வாட்ஸப் பாதி சொல்லும் ஐயா. காபி குடிக்கிறவங்களுக்கு பார்க்கின்சன் வர்றது கொறச்சல்னு ஹவாய்ல பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2000ல வந்துச்சு. வந்தவங்களுக்குக் காபி மருந்துன்னு அதுக்கு அர்த்தமில்ல. ஆனா அடிப்படை இருக்கு. ஸ்ட்ரையேட்டத்துல ஒரே செல் மேல ஏ2ஏ ஏற்பியும் அசைவுக்கு உதவற டோபமின்ங்கிற ரசாயனத்தோட டி2 ஏற்பியும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, ஒண்ணு இழுத்தா இன்னொண்ணு விடும். டோபமின் கொறஞ்சா ஏ2ஏ கை ஓங்கி, அசைவு தடைபடும். ஏ2ஏவை மட்டும் அடைக்கிற இஸ்ட்ராடெஃபிலின்ங்கிற மருந்துக்கு ஜப்பான்ல 2013லயும் அமெரிக்காவுல 2019லயும் அனுமதி கெடச்சுது. அதுவும் பார்க்கின்சனுக்கு வழக்கமா குடுக்கற லெவோடோபா மருந்தோட சேத்துக் குடுக்கறதுதான், தனியா இல்ல.

இதே ஏ2ஏதான் காபி நம்மள எழுப்பறதுக்கும் காரணம். ஏ2ஏ இல்லாத எலிக்குக் கேஃபின் குடுத்தா அது முழிக்கிறதில்ல, ஏ1 இல்லாத எலி முழிச்சுக்குது. இதுவும் 2005.

மணலி_நைட்ஷிஃப்ட் | 17 நாள் கழிச்சு, சனி, மாலை 4.15

யாரும் மறந்திருக்க மாட்டீங்கன்னு நம்பி வந்து சொல்றேன். கடைசி டீய 1 மணிக்கு மாத்திட்டேன், மொத்தமே ரெண்டுதான். முதல் ரெண்டு நாள் மண்டை பொளந்துடுச்சு, கம்பெனி டிஸ்பென்சரில தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டேன். மூணு மணி பிரேக்ல நாற்காலிய சாய்ச்சு இருவது நிமிஷம் கண்ணை மூடறேன், சூப்பர்வைசர் ஒத்துக்கிட்டார். ஜன்னலுக்கு எங்கம்மா பழைய கறுப்புப் போர்வை கட்டிட்டாங்க, கடிகாரத்துக்காக. இப்ப ஒன்பதுக்குள்ள தூங்கிடறேன். தண்ணி லாரி வந்தா முழிப்பு வருது, அதுக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

ஒண்ணு மட்டும் கேக்கணும், அந்தத் தலைவலி எதுக்கு வந்துச்சு?

வியாசை_மூளை | மாலை 5.00

சந்தோஷம்! அடினோசின் மூளை ரத்தக் குழாயை விரிக்கும், கேஃபின் அத சுருக்கி வெச்சிருந்துச்சு. தெனம் கர்ச்சீப் போட்டா பஸ்காரன் சீட்டையே கூட்டிடுவான், அதாவது மூளை ஏற்பிகளை அதிகமாக்கிடும். திடீர்னு நிறுத்தினாலோ ரொம்பக் கொறச்சாலோ அத்தனை சீட்லயும் ஆள் உக்காந்து குழாய் விரிஞ்சு வலிக்கும். 12ல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு, ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள அடங்கிடும். ஒரேயடியா கொறைக்காம, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ ஒரு டீய மட்டும் விட்டுக்கிட்டே வந்திருந்தா இவ்ளோ வலிச்சிருக்காது, நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

ட்ரெய்லர்_தம்பி | மாலை 5.25

சிஸ்டர், சுக்கு காபில காபி கீதா? ராத்திரி எண்ணூர் ரோட்ல அதான் விக்கிறாங்கோ.

வியாசை_மூளை | மாலை 5.31

சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும்னா கேஃபின் இல்ல. சில கடைல வாசனைக்குக் காபித்தூள் ஒரு சிட்டிகை போடுவாங்க, கேட்டு வாங்குங்க.

டோல்கேட்_டீமாஸ்டர் | மாலை 5.50

நம்ம கடைல போட மாட்டோம்.